கோடு கிழிக்கவும் ஆங்கிலமா?

பணம் எடுக்கும் பெட்டியின் முன்னே நிற்கிறாள் ஒரு மூதாட்டி. திரையிலே தமிழ் இருக்கிறது, எத்தகைய தமிழ்! ஆங்கிலத்தில் ஆறே எழுத்தில் அடங்கும் 'சப்மிட்', 'சமர்ப்பிக்கவும்' என நீண்டதும் பொத்தான் இடங்கொடுக்க மறுக்கிறது. பாதிச் சொல் வெட்டுண்டு கிடக்கிறது. பின்னால் நிற்பவரிடம் அட்டையை நீட்டுகிறாள். கமுக்க எண்ணையும் சொல்லிவிடுகிறாள். குற்றம் அவளுடையதா? அல்ல, அல்ல! அவளை எண்ணிப் பாராமல் திரை அமைத்தவருடையது என்போம் நாம்.

கருவியோடு மனிதன் உறவாடும் முறையை வகுக்கும் கலைக்கு 'இன்டராக்‌ஷன் டிசைன்' என்று 1980களில் பெயரிட்டனர் பில் மாக்ரிட்ஜும் பில் வெர்பிளாங்க்கும். ஊடாட்ட வடிவமைப்பு என்கிறோம் தமிழில். இன்று அது பட்ட மேற்படிப்பு, மும்பை ஐ.ஐ.டி.யில் 1969இல் தோன்றிய வடிவமைப்பு மையம் அதைக் கற்பிக்கிறது. நுழைவதற்கு ஒரு தேர்வு உண்டு. பெயர் 'சீட்'. எழுதிவிட்டால் சீட் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள்!

தேர்வுக்கு இரு பகுதிகள். முதற்பகுதி கணினியில், இரண்டாம் பகுதி தாளிலே கையால் வரைவது. இறுதி மதிப்பில் முதலாவதற்கு 25 விழுக்காடு, இரண்டாவதற்கு 75. ஆகா, கைத்திறனுக்கன்றோ முதலிடம் என மகிழ்கிறீர்களா? பொறுங்கள். முதற்பகுதியில் வடிகட்டப்பட்டவரின் ஓவியத்தாளை எவரும் திருத்துவதே இல்லை. அந்த வடிகட்டி எந்த மொழியில்? 2025ஆம் ஆண்டுத் தேர்வு வரையில், ஆங்கிலத்தில் மட்டும்!

ஆரணியிலே தறியருகே வளர்ந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். கரைக்கும் முந்திக்கும் கோடு கிழித்துப் பழகிய கை. தமிழிலே படித்துப் பெற்ற பட்டம். அந்த மூதாட்டியின் தடுமாற்றத்தை அறிந்தவள் இவள். இவள் வரைந்த படமோ பிரிக்கப்படாமலே உறங்கும்.

"உள்ளே பாடம் ஆங்கிலத்தில்தானே, பிறகென்ன?" என்பார் சிலர். நுழைந்தபின் ஆங்கிலம் கற்கட்டும், வேண்டாமென்றா சொன்னோம்? ஐ.ஐ.டி.க்கு வழியான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு 2021 முதல் தமிழ் உட்பட 13 மொழிகளில் நடக்கிறதே! கணக்கும் இயற்பியலும் தமிழில் கேட்கலாம். கோடும் வடிவமும் மட்டும் கேட்கக்கூடாதாமா?

1958இல் இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்கர் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் தங்கள் அறிக்கையிலே எதைப் போற்றினர் தெரியுமா? மாளிகையை அல்ல, நம் வீட்டுச் சொம்பை! பெயரறியாத பல தலைமுறைக் கைகள் உருவாக்கிய பொருளல்லவா அது? அந்த அறிக்கையின் பயனாகவே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் எழுந்தது. சொம்பைப் புகழ்ந்து தொடங்கிய கல்வி, சொம்பு செய்தவன் பேரனிடம் ஆங்கிலம் கேட்கிறது!

நாம் கேட்பது பெரிதன்று. முதற்பகுதி வினாக்கள் தமிழிலும் பிற மொழிகளிலும் வரட்டும். ஆங்கிலத் தேர்ச்சி வேண்டுமென்றால், இடம் கொடுத்தபின் ஆறு மாதம் சொல்லிக் கொடுக்கட்டும்.