"கட்டிய எடுத்தாச்சுதானே, இன்னும் என்ன?" என்று கேட்பவர்களுக்கு



ஊரில் ஒருவருக்கு மூளையில் கட்டி என்று தெரிய வந்தால் ஒரே நாளில் வட்ஸ்அப் குழுமங்கள் நிறைந்துவிடும். நோயாளியின் போட்டோ, வங்கிக் கணக்கு இலக்கம், "அவசரம், பகிருங்கள்" என்றொரு வரி. வெளிநாட்டில் உள்ளவர்கள் அனுப்புகிறார்கள். ஜும்ஆவுக்குப் பிறகு வாசலில் வசூல் நடக்கிறது. சத்திரசிகிச்சையும் முடிகிறது. "கேன்சர் இல்லையாம், சாதாரணக் கட்டிதானாம், அல்ஹம்துலில்லாஹ்" என்று செய்தி வருகிறது. அத்தோடு ஊரும் கலைந்துவிடுகிறது.

அந்தச் "சாதாரணக் கட்டி" என்ற சொல்லோடுதான் எங்களுக்குச் சண்டை.

கட்டி புற்றுநோய் இல்லை என்றால் அது உடம்பின் மற்ற இடங்களுக்குப் பரவாது, பெரும்பாலும் மெதுவாக வளரும் என்று அர்த்தம். அதற்காக அது எந்தத் தீங்கும் செய்யவில்லை என்று ஆகாது. மண்டையோடு பலூன் இல்லை, உள்ளே ஒன்று வளர்ந்தால் விரிந்து இடம் கொடுப்பதற்கு. கட்டி வளர வளர மூளைதான் நசுங்குகிறது. வைத்தியர் கட்டியை எடுக்கலாம். ஆனால் நசுங்கிக் கிடந்த இடம் அடுத்த நாளே பழையபடி வேலை செய்யத் தொடங்காது. மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமா இந்த வகையில் அதிகம் காணப்படுவது. ஆண்களை விடப் பெண்களுக்கே அது கூடுதலாக வருகிறது. அதாவது எங்கள் உம்மாமாருக்கும் ராத்தாமாருக்கும்.

கட்டி இருந்த இடத்தைப் பொறுத்து மிச்சமிருக்கும் கஷ்டமும் மாறும். நெற்றிப் பக்கம் என்றால் கோபம் கூடலாம், எதையும் தொடங்க மனம் வராமல் போகலாம். இடது பக்கம் என்றால் தெரிந்த சொல்லே வாயில் வராமல் நிற்கலாம். காது நரம்பின் பக்கம் என்றால் ஒரு காது கேளாமல் போகலாம், நடக்கும்போது தள்ளாடலாம், முகம் ஒரு பக்கம் கோணலாம். அப்படியானவருக்குக் கண் மூடாது. சொட்டு மருந்து விட்டு, இரவில் கண்ணைப் பாதுகாத்துத்தான் தூங்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பலருக்கு இருப்பது களைப்பு. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு. மாதக்கணக்கில் இருக்கும். வெளியில் பார்த்தால் தெரியாது.

தெரியாததால்தான் ஊர் தீர்ப்புச் சொல்கிறது. "நல்லா நடக்கிறா, சமைக்க மட்டும் ஏலாதாம்." "கடைக்கு வர முடியுது, வேலைக்குப் போக முடியல்லையாம்." "பழகிட்டாரு, உதவி எடுத்துப் பழகிட்டாரு." இப்படிப் பேசுபவர்களிடம் கேட்கிறோம்: கால் உடைந்தவனுக்குப் பிளாஸ்டர் கழற்றிய அன்றே பந்து விளையாடச் சொல்வீர்களா? காலுக்குக் கொடுக்கும் அவகாசத்தை மூளைக்குக் கொடுக்க ஏன் மனம் வருவதில்லை?

புனர்வாழ்வு என்றாலே போதைக்கு அடிமையானவர்களை அனுப்பும் இடம் என்றுதான் ஊரில் பலர் நினைக்கிறார்கள். இல்லை. ராகமையிலும் திகனையிலும் இருக்கும் புனர்வாழ்வு வைத்தியசாலைகள் நோய்க்கும் விபத்துக்கும் பிறகு மனிதரை மறுபடி நடக்க, உடுக்க, சமைக்கப் பழக்கும் அரச வைத்தியசாலைகள். பெரிய வைத்தியசாலைகளில் இயன் மருத்துவப் பிரிவு இருக்கிறது. தொழில்வழிச் சிகிச்சையும் பேச்சுச் சிகிச்சையும் உண்டு. சொல் மறந்தவருக்கு அவருடைய தாய்மொழியிலேயே பயிற்சி வேண்டும். நமக்கு அது தமிழ். வைத்தியசாலை அட்டையோ ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை வாசித்து, எந்தக் கிளினிக், எந்தத் திகதி, எந்த மாத்திரை என்று வீட்டாருக்குத் தமிழில் விளங்கப்படுத்துவது படித்த ஒருவருக்குப் பத்து நிமிட வேலை. ஆசிரியர்கள் இத்தனை பேர் இருக்கும் ஊரில் அதற்கு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, உயிரோடு சம்பந்தப்பட்டது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு வலிப்பு வரும். அது ஜின் இல்லை. ஓதிப் பாருங்கள், துஆச் செய்யுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் "இனி மாத்திரை தேவையில்லை" என்று சொல்லும் உரிமை வைத்தியரைத் தவிர வேறு யாருக்கும் இல்லை. பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி எடுத்தவர்கள் சிலர் ஹைட்ரோகோர்ட்டிசோன் மாத்திரையில் இருப்பார்கள். அதைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அவர்கள் நோன்பு பிடிப்பதா இல்லையா என்பதை ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் கேட்க வேண்டும். நோயாளிக்கு வேறு நாட்கள் உண்டு என்று சூரா அல்பகராவின் 185ஆம் வசனம் இடம் கொடுத்திருக்கும்போது, "நோன்பு பிடிக்கல்லையா?" என்று வாசலில் நின்று விசாரிக்க நாம் யார்?

எங்கள் துறையிலும் நிலைமை இதுதான். சத்திரசிகிச்சை முடிந்து திரும்பும் ஓர் ஆசிரியைக்கு அதே நேரசூசி, அதே நாற்பது பிள்ளைகள், அதே இரைச்சல். இரண்டு பாடவேளையைக் குறைத்து, கடினமான பாடங்களைக் காலையில் போட்டுக் கொடுத்தால் அவர் தாக்குப்பிடிப்பார். கேட்டால் "எல்லாருக்கும் ஒரே சட்டம்" என்கிறார்கள். சட்டத்தைப் பேசுகிறவர்கள் முழுதாகப் பேசட்டும். இயலாமை உடையோரின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. வேலைத்தலத்தில் நியாயமான வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அது தயவு இல்லை, உரிமை.

"ஒருவருக்கே திரும்பத் திரும்பக் கொடுத்தால் அடுத்த நோயாளிக்கு என்ன செய்வது?" என்று நிர்வாகத்தில் உள்ளவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இலட்சக்கணக்கில் சேர்த்துச் சத்திரசிகிச்சை செய்துவிட்டு, நைட் பஸ்ஸில் கொழும்புக் கிளினிக்குக்குப் போகக் காசில்லாமல் ஒருவர் வீட்டில் கிடந்தால், முதலில் கொடுத்த இலட்சங்களும் பாதி வீண்தானே? முழுதாக எடுத்த கட்டிகூடத் திரும்ப வளரலாம். அதனால்தான் வருடக்கணக்கில் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். போகாமல் விட்டால் மறுபடி வசூலில்தான் வந்து நிற்கும்.

நாங்கள் கேட்பது நான்கே நான்கு:

ஒன்று, சத்திரசிகிச்சைக்கென்று சேரும் பணத்தில் நான்கில் ஒரு பங்கை அந்த நோயாளியின் அடுத்த ஒரு வருடக் கிளினிக், ஸ்கேன், பயணச் செலவுக்கு ஒதுக்குங்கள்.

இரண்டு, கிளினிக்குக்குத் துணைக்குப் போகக்கூடியவர்களின் பட்டியலைப் பள்ளிவாசலில் வையுங்கள். பெண் நோயாளிகளுக்குப் பெண் துணை இருக்கட்டும்.

மூன்று, பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் இவர்களின் பெயரைக் கொண்டு போங்கள். மாதாந்தக் கொடுப்பனவுக்குத் தகுதி இருந்தால் கிடைக்கட்டும்.

நான்கு, நோயாளியின் முகத்தைப் போஸ்டரில் போடாதீர்கள். காசு மூன்று நாளில் சேரும், போட்டோ பத்து வருடம் சுற்றும். அவருக்கும் மானம் இருக்கிறது. வயது வந்த பிள்ளைகளும் இருப்பார்கள்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுக்கப் போகிறோம். உடன்படுபவர்கள் கீழே பெயரைப் போடுங்கள். உடன்படாதவர்களும் காரணத்தை இங்கேயே எழுதுங்கள், பதில் சொல்கிறோம். "மாஷா அல்லாஹ், நல்ல பதிவு" என்று எழுதிவிட்டு மட்டும் போய்விடாதீர்கள். உங்கள் தெருவில் தலையில் தழும்போடு வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒருவர் இருந்தால், இன்று அஸருக்குப் பிறகு போய், அடுத்த கிளினிக் எப்போது என்று கேளுங்கள்.