வெள்ளை சாஸ் இல்லாமல் குரோக் மெஸ்யூ வேண்டாம்

ஹாமும் சீஸும் வைத்துச் சுட்ட பிரெட்டுக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் குரோக் மெஸ்யூ. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 1910 வாக்கில் பாரிஸ் கஃபேக்களில் கிடைக்க ஆரம்பித்த டிபன் என்பார்கள், அவ்வளவுதான். மேலே ஒரு முட்டையைப் பொரித்து வைத்தால் குரோக் மதாம் ஆகிவிடும் :-)

பாறசாலைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து என் மகளுக்கு இதன்மேல் பைத்தியம். ஊரிலிருந்து வரும் அம்மாவோ, "இதெல்லாம் நம்ம சாப்பாடாப்பா?" என்பார். என்னைக் கேட்டால், இந்தக் கேள்வியை இந்தப் பக்கத்தில் கேட்கவே கூடாது. நெய்யாற்றின்கரையிலும் சரி, களியக்காவிளை தாண்டி விளவங்கோட்டிலும் சரி, மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும்தான் ஊர்ச் சாப்பாடு. அந்தக் கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா முனைந்து பரப்பியது. 1956-ல் தாலுகாக்களைப் பிரித்தபோது எல்லைக்கோடு போட்டார்கள், கிழங்கு இரண்டு பக்கமும் அப்படியே இருந்தது. இன்று அதை யாராவது வெளிநாட்டுச் சரக்கு என்கிறார்களா?

பிள்ளைகள் ஆசைப்பட்டதை வீட்டில் செய்ய மறுத்தால் அவர்கள் இட்லிக்குத் திரும்பி வருவதில்லை, பேக்கரிக்குத்தான் போகிறார்கள். அங்கே மயோனைஸ் தடவிய பிரெட்டைச் சூடாக்கி இதே பெயரில் கொடுத்துவிடுவார்கள். எனக்கு ஆகாத விஷயம் அதுதான்.

இந்தச் சாண்ட்விச்சின் உயிர் பெஷமெல் என்ற வெள்ளை சாஸ். 30 கிராம் வெண்ணெயை உருக்கி, அதே அளவு மைதாவைப் போட்டு, நிறம் மாறாமல் சிறுதீயில் இரண்டு நிமிடம் வறுங்கள். 300 மில்லி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டி தட்டாமல் கிளறினால் தோசை மாவு பதத்துக்கு வரும். ஹாமிலேயே உப்பு உண்டு, அதனால் உப்பில் கை அடக்கம் தேவை. கடைசியில் ஜாதிக்காய் துருவல் ஒரு சிட்டிகை. கவனியுங்கள், பிரெஞ்சு சாஸில் போடுவது கேரளத்துத் தோட்டங்களில் விளையும் சரக்கு!

சீஸுக்கு அவர்கள் கிரூயேர் போடுவார்கள். நமக்கு செடாரும் மொசரெல்லாவும் கலந்தால் போதும். பிளாஸ்டிக் தாளில் வரும் ஸ்லைஸ் உருகும், ஆனால் மேலே பொன்னிறமாகச் சிவக்காது. ஹாமுக்குக் கேரள அரசின் கூத்தாட்டுகுளம் கம்பெனி பன்றி இறைச்சிப் பொருட்கள் செய்கிறது, விசாரித்துப் பாருங்கள். பன்றி ஆகாதவர்கள் சிக்கன் ஹாம் வைக்கலாம். ருசி ஒன்றாக இருக்காது, அதற்காகச் சண்டை போடும் ஆள் நானில்லை. சாஸை விட்டால்தான் போடுவேன்.

பிரெட்டின் உள்ளே சாஸ், ஹாம், சீஸ். மேலேயும் சாஸ் பூசி, சீஸ் தூவி, ஓ.டி.ஜி.யில் மேல் கம்பியை மட்டும் போட்டுச் சிவக்க விடுங்கள். ஓவன் இல்லாதவர்கள் தோசைக்கல்லில் மூடிபோட்டுச் செய்யலாம், மேல்பக்கம் மொறுமொறுப்பு வராது, சாஸை உள்ளே மட்டும் வையுங்கள். முதல்நாள் பிரெட்தான் நல்லது. புதுசு நைந்துவிடும்.

அம்மா ஹாமை ஒதுக்கிவிட்டு மற்றதைச் சாப்பிடுகிறார். கூடவே எலுமிச்சை ஊறுகாய்.