அடுப்புப் பழுதும் ஆகும் செலவும்

நம் பாட்டிமார் காலத்துச் சமையற்கட்டில் அடுப்பு பழுதுபட்டால் அதற்குக் காசு செலவானதில்லை. குளத்துக் களிமண்ணோடு உமியையும் வைக்கோல் துணுக்கையும் பிசைந்து வெடிப்பை அடைப்பார்கள், சாணமிட்டு மெழுகுவார்கள், மறுநாள் உலை ஏறிவிடும். கொடியடுப்பாயினும் உமியடுப்பாயினும் தஞ்சைத் தரணியில் அதற்குக் கொத்தனார் வீட்டுப் பெண்களே. அவர்களுடைய உழைப்பையும், புகையில் கரைந்த கண்களையும் எவரும் செலவுக் கணக்கில் எழுதவில்லை, அவ்வளவே.

அந்தப் புகையை ஒழிக்க வேண்டுமென்று 1983-ஆம் ஆண்டில் நடுவண் அரசு புகையில்லா அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நாடெங்கும் கோடிக்கணக்கில் அடுப்புகள் கட்டப்பட்டன. 2002-இல் திட்டம் கைவிடப்பட்டது. காரணங்கள் பலவாயினும் ஒன்று நம் கவனத்துக்கு உரியது. புகைபோக்கியில் கரி படிந்து அடைத்துக் கொண்டபோதும், அடுப்பின் வாய் உடைந்தபோதும், அதைச் சீர்செய்ய ஊரில் ஆளில்லை. கட்டிக் கொடுத்துப் போனவர் திரும்பி வரவில்லை. மக்கள் பழைய அடுப்புக்கே மீண்டார்கள். இலவசமாக வந்த பொருளுக்கும் பழுதுச் செலவு உண்டு என்பதை அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை போலும்!

இன்று நம் பங்குகளில் எரிவாயு அடுப்பு இல்லாத இல்லம் அரிது. 2007 முதல் மாநில அரசு வழங்கிய இலவச அடுப்புகளும், 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் வழியே வந்தவையும் நம் வீடுகளில் இருக்கின்றன. அவற்றுக்கும் வயதாகிவிட்டது. எதைச் சீர்செய்வது, எதை மாற்றுவது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கேள்விகள் இப்போது எழுகின்றன.

முதலில் செலவில்லாத பழுதைக் காண்போம். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து, பாத்திரத்தின் அடி கரிந்தால் பெரும்பாலும் பர்னரின் துளைகள் அடைபட்டிருக்கும். நாள்தோறும் சோறு வடிக்கும் நம் வீடுகளில் கஞ்சி பொங்கி வழியாத நாள் உண்டா? பித்தளை பர்னரைக் கழற்றி, வெந்நீரில் புளி கரைத்து ஊறவைத்துத் தேய்த்து, ஈரமின்றி உலர்த்திப் பொருத்தினால் சுடர் தெளிந்துவிடும். இதற்கு ஆகும் செலவு ஒரு பிடி புளி. இதைச் செய்யாமல் விடுவோருக்குத்தான் செலவு அதிகம். புதிய அடுப்பு எரிவாயுவின் வெப்பத்தில் நூற்றுக்கு 68 பங்கேனும் பாத்திரத்தில் சேர்க்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. துளை அடைந்த அடுப்பு அந்த அளவை எட்டாது. சிலிண்டரில் உள்ள 14.2 கிலோ எரிவாயு, தீரவேண்டிய நாளுக்கு முன்பே தீர்ந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் வைத்திருந்த காலத்தில் அதன் நுண்துளையைப் பின்னால் குத்திச் சுத்தம் செய்வோம். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகாமல், எரிவாயு அடுப்பின் ஜெட்டையும் ஊக்கால் குத்துவோர் இருக்கிறார்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் வாயு மிகுதியாக வரும், சுடர் கெடும். ஜெட்டை மெக்கானிக்கின் பொறுப்பில் விடுவதே தக்கது. திருகு இறுகிப் போனால் தேங்காயெண்ணெய் விடுவதும் இத்தகைய வைத்தியமே. அதற்குரிய கிரீஸ் வேறு.

அடுப்பின் அடித்தகடும் வாயுவைப் பர்னருக்குக் கொண்டுசெல்லும் குழலும் துருவேறித் துளைத்துவிட்டால் பழுது பார்ப்பது வீண் செலவு. நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் இது விரைவிலேயே நேர்ந்துவிடும். புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் போதும். எந்தக் கடையிலும் வாங்கலாம். புதிய இணைப்புப் பெறுவோர் ஏஜென்சியிடமே அடுப்பும் வாங்கியாக வேண்டும் என்று எவரும் வற்புறுத்த இயலாது. கண்ணாடி மேற்பரப்புள்ள அடுப்புகள் காண்பதற்கு அழகுதான். ஆயினும் அந்தக் கண்ணாடி உடைந்தால் அதே அளவில் மற்றொன்றைச் சிற்றூர்க் கடையில் தேடி அலைய நேரும். நாம் எஃகு அடுப்பையே பரிந்துரைப்போம்.

உயிரோடு தொடர்புடைய பழுது ரப்பர் குழாயில்தான் இருக்கிறது. அதன் ஆயுள் ஐந்து ஆண்டுகள். உட்புறம் கம்பி வலையிட்ட, ஆரஞ்சு நிறமுள்ள சுரக்ஷா குழாய் கிடைக்கிறது. நெல் விளையும் நம் நாட்டில் இக்குழாய்க்கு ஒரு தனிப் பகைவன் உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடையாகி மூட்டைகள் வீட்டுக்குள் வந்தவுடன் எலியும் உடன் வருகிறது. நெல்லோடு நிற்காமல் ரப்பரையும் கடிக்கிறது. எனவே அறுவடைக் காலத்தில் குழாயை வளைத்துப் பார்ப்பதும், இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று நோக்குவதும் நலம். தீக்குச்சி கிழித்துக் கசிவைத் தேடுவது பேதைமை. இவ்வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகத் தங்கி நிற்கும்.

செலவை யார் ஏற்பது? அடுப்பும் குழாயும் நம்முடையவை. அவற்றின் செலவு நம்மைச் சேர்ந்தது. சிலிண்டரும் ரெகுலேட்டரும் நிறுவனத்தின் உடைமை. காப்புத்தொகை பெற்றுக்கொண்டு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை. இயல்பான பயன்பாட்டில் ரெகுலேட்டர் பழுதானால் ஏஜென்சி கட்டணமின்றி மாற்றித் தரவேண்டும். நாமே உடைத்தாலும் தொலைத்தாலும் பணம் கட்ட வேண்டும். சிலிண்டரின் வால்வு கசிந்தால் மாற்றுச் சிலிண்டர் அவர்கள் பொறுப்பு. கசிவு நேர்ந்தால் இரவும் பகலும் 1906 என்ற எண்ணை அழைக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் கூலி ரசீதிலுள்ள விலையிலேயே அடங்கியிருக்கிறது. மேற்கொண்டு கொடுப்பது நம் மனமுவந்த ஈகையேயன்றி அவர்தம் உரிமையன்று.

கம்பெனியிலிருந்து வருகிறோம் என்று நண்பகலில், ஆண்கள் வயலுக்குப் போயிருக்கும் வேளையில், வாசலில் வந்து நிற்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழாய் கெட்டுவிட்டது, இப்போதே மாற்றாவிட்டால் வெடித்துவிடும் என்று அச்சுறுத்தி, மலிவான குழாயைப் பன்மடங்கு விலைக்கு விற்றுச் செல்கிறார்கள். ஏஜென்சி அனுப்பும் பணியாளரிடம் அடையாள அட்டை இருக்கும், ரசீதும் தருவார். ஐயமிருந்தால் ஏஜென்சிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

இந்தக் குழாய் விஷயம் மற்றொன்றையும் தொடுகிறது. எரிவாயு விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் காப்பீடு செய்திருக்கின்றன. அதற்கு நாம் தனியே பணம் கட்டுவதில்லை. உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாயும், மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரையும், பதிவுசெய்த வீட்டுக்கு நேரும் சேதத்துக்கு 2 லட்சம் வரையும் இதில் இடமுண்டு. விபத்து நேர்ந்தவுடன் ஏஜென்சிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். முத்திரையில்லாக் குழாயும் அடுப்பும் பயன்பட்டிருந்தால் தொகை பெறுவதில் தடை எழக்கூடும்.

பதிவுசெய்த வீடு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டுகிறோம். பாகப்பிரிவினையாகி அண்ணன் தம்பியர் தனித்தனியே குடிபோன பின்பும், காலஞ்சென்ற தந்தையாரின் பெயரிலேயே, பழைய முகவரியிலேயே இணைப்பு நீடிக்கும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. இறப்புச் சான்றிதழையும் மற்ற வாரிசுகளின் இசைவுக் கடிதத்தையும் ஏஜென்சியில் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். புதிய முகவரியையும் அப்போதே பதிவு செய்துகொள்ள வேண்டும்.