முதலீட்டு ஏலம்: வெல்வது மாநிலமா, நிறுவனமா?

புது தில்லி: வெளிநாட்டு நிறுவனங்களைத் தங்கள் பக்கம் இழுக்க மாநில அரசுகள் நடத்தும் போட்டி, ஏறக்குறைய ஏலமாகவே மாறிவிட்டது. நிலம், மின்சாரம், வரி என ஒரு மாநிலம் சலுகை அறிவித்தால், அண்டை மாநிலம் அதைவிடக் கூடுதலாக அறிவிக்கிறது. இந்த ஏலத்தில் செலவாவது மக்களின் வரிப்பணம் என்பதுதான் கவனிக்கத்தக்கது.

மகாராஷ்டிர மாநிலம் தலேகாவுக்கு வரும் என எதிர்பார்க்கப்பட்ட வேதாந்தா - பாக்ஸ்கான் மின்னணுச் சில்லுத் திட்டத்துக்காக, 2022 செப்டம்பரில் குஜராத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. ரூ.1.54 லட்சம் கோடி முதலீடு கைநழுவிப் போனதாக மும்பையில் அரசியல் புயல் வீசியது. ஆனால், 2023 ஜூலையில் பாக்ஸ்கான் விலகிக்கொள்ள, அந்தக் கூட்டு முயற்சியே கைவிடப்பட்டது.

அதே குஜராத்தின் சானந்துக்கு அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம் வருவதாக 2023 ஜூனில் அறிவிக்கப்பட்டது. திட்ட மதிப்பு 275 கோடி டாலர். இதில் 50 சதவீதத்தை மத்திய அரசும், 20 சதவீதத்தை மாநில அரசும் ஏற்கின்றன. நிறுவனத்தின் பங்கு அதிகபட்சம் 82.5 கோடி டாலர்தான்.

மறு உருவெடுத்த வரிச்சலுகை: இந்தப் போட்டி புதிதல்ல. தொழில்களை ஈர்க்க விற்பனை வரியை விட்டுக்கொடுப்பதால் அனைவருக்கும் நஷ்டமே என்பதை உணர்ந்த மாநிலங்கள், 2000 ஜனவரி முதல் அத்தகைய சலுகைகளை நிறுத்துவதென 1999 நவம்பரில் தில்லியில் முடிவு செய்தன. 2017-ல் சரக்கு-சேவை வரி வந்தபின், வரி விகிதத்தைத் தனியாக மாற்றும் அதிகாரமும் மாநிலங்களுக்கு இல்லாமல் போனது. ஆயினும், வசூலித்த மாநில வரியை நிறுவனத்துக்கே திருப்பித் தரும் வடிவில் சலுகை மீண்டும் நுழைந்துவிட்டது.

இந்த வரி, பொருள் நுகரப்படும் மாநிலத்துக்கே சேரும். ஏற்றுமதிக்கோ வரியே இல்லை. எனவே, மானியம் தந்து ஆலையை வரவழைக்கும் மாநிலத்துக்கு, ஆலை தரும் வேலைவாய்ப்பே முக்கிய ஆதாயம். 2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் 1,500 கோடி டாலர் தரவு மைய முதலீட்டை கூகுள் அறிவித்தபோது, ஆந்திரம் அளவுக்கு மீறிச் சலுகை வழங்குவதாகக் கர்நாடக அமைச்சர் பிரியங்க் கார்கே குற்றம்சாட்டினார். அண்டை மாநிலப் பொறாமை என இதை ஒதுக்கிவிடலாம். ஆனால், தரவு மையங்கள் முதலீட்டின் அளவுக்கு நிரந்தர வேலை தருவதில்லை என்பது மறுக்க முடியாதது.

தங்குவார்களா?: வரவழைப்பதைவிடத் தக்கவைப்பது கடினம். ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் குஜராத்தின் ஹலோல் ஆலையையும், 2020 டிசம்பரில் தலேகாவில் உற்பத்தியையும் நிறுத்தியது. 2015-ல் சானந்தில் ஆலை திறந்த ஃபோர்டு, 2021-லேயே வெளியேறும் முடிவை அறிவித்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதைத் தமிழகமும் மறந்திருக்காது. சந்தை மாறினால் சலுகைகள் எந்த நிறுவனத்தையும் கட்டிப்போடுவதில்லை. பின்னர் வேறு நிறுவனங்கள் ஆலைகளை வாங்க முன்வந்ததற்குத் துறைமுகம், சாலை, பயிற்சி பெற்ற தொழிலாளர், உதிரிபாகத் தொழில்கள் ஆகியவை அங்கே ஏற்கெனவே இருந்ததும் ஒரு காரணம்.

போட்டியால் நன்மையே இல்லை எனக் கூற முடியாது. அனுமதிகள் விரைவாகின்றன, உள்கட்டமைப்பு மேம்படுகிறது. ஆனால், ஒரு மாநிலம் மட்டும் சலுகையை நிறுத்தினால் முதலீடு பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும் என்ற அச்சம் எல்லோரையும் ஒரே பாதையில் தள்ளுகிறது. இதைப் பேசித் தீர்க்க அரசமைப்புச் சட்டத்தின் 263-வது பிரிவின்படி மாநிலங்களிடைக் கவுன்சில் இருக்கிறது. அதன் 11-வது கூட்டம் 2016 ஜூலையில் நடந்தது. பின்னர் பல ஆண்டுகள் அது கூட்டப்படவே இல்லை.

ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் தரப்படும் சலுகையின் மதிப்பு, உறுதியளிக்கப்பட்ட வேலைகளின் எண்ணிக்கை, வாக்குத் தவறினால் பணத்தைத் திரும்பப் பெறும் நிபந்தனை ஆகியவற்றைச் சட்டப்பேரவையில் வைக்க மாநிலங்கள் முன்வர வேண்டும். முதலீட்டாளர் மாநாட்டு மேடைகளில் அறிவிக்கப்படும் கோடிகளைவிட, மக்களுக்குத் தெரிய வேண்டிய கணக்கு அதுதான்.