தீ அணைந்த பிறகும் வேகும் காயம்



விறகடுப்பும் குப்பி விளக்கும் உள்ள லயத்துக் காம்பராக்களில் தீக்காயம் புதிதல்ல. ஆனால் தீ அணைந்ததோடு சேதமும் முடிந்தது என்று நாம் நினைத்துவிடுகிறோம். அப்படியல்ல.

ஸ்டோரில் அரைபட்ட கொழுந்து காற்றுப்பட்டுச் சிவப்பதை அறிவோம். அதற்கு ஒட்சியேற்றம் என்று பெயர். வெந்த உடம்பிலும் அதையொத்த ஒன்று நடக்கிறது. ஒட்சிசனிலிருந்து உருவாகும் கேடான பொருட்கள் அளவுமீறிப் பெருகி, காயத்தின் ஓரத்தில் உயிரோடு இருக்கும் சதையையும் கெடுக்கின்றன. முதல் நாள் மேலோட்டமாகத் தெரிந்த காயம் இரண்டு மூன்று நாளில் ஆழமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் மருந்து தண்ணீர். சுத்தமான, குளிர்ந்த, ஓடும் தண்ணீரில் காயத்தை 20 நிமிடம் பிடிக்க வேண்டும். 3 மணித்தியாலத்துக்குள் செய்தாலும் பலனுண்டு. பிள்ளையானால் மற்ற உடம்பைக் கம்பளியால் போர்த்துங்கள். பற்பசை, தேயிலைத்தூள், முட்டை எதையும் பூசாதீர்கள். 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

அடுத்தது உடம்பின் சொந்தக் காவல். விற்றமின் சி, விற்றமின் ஈ, துத்தநாகம், செலெனியம் ஆகியவை அந்தக் கேட்டைத் தடுக்க உதவுகின்றன. பெரிய காயத்தில் வடியும் நீரோடு துத்தநாகமும் செலெனியமும் போய்விடுகின்றன. விற்றமின் சியும் விரைவில் குறைகிறது. ஆகவே வைத்தியசாலைகளில் இவற்றை மருந்தாகவும் கொடுப்பதுண்டு. அளவை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். நாமாகக் குளிசை வாங்கி விழுங்கக் கூடாது. வீட்டில் நம் கையில் இருப்பது சாப்பாடு: கொய்யா, நெல்லி, கீரை, பருப்பு, முட்டை, நெத்தலி.

இங்கேதான் சங்கத்தின் வேலை வருகிறது. ரொட்டியும் சம்பலும் மட்டும் சாப்பிட்டு, பேர் போய்விடும் என்ற பயத்தில் காயம் ஆறுமுன்னே மலைக்குப் போகிறவருக்கு எந்த மருந்தும் முழுப் பலன் தராது. சம்பளமில்லாத லீவில் முட்டை வாங்கக் காசு ஏது? பீலி வறண்ட லயத்தில் 20 நிமிடத் தண்ணீர் ஏது?

ஆகவே நாம் கேட்பது மூன்று: ஒவ்வொரு லயத்துக்கும் குழாய்த் தண்ணீர், தோட்டத்து டிஸ்பென்சரியில் எந்நாளும் சுத்தமான கட்டுத்துணி, தீக்காயம் ஆறும்வரை சம்பளத்தோடு லீவு. இவை தயவல்ல, வைத்தியத்தின் பாதி.

பாடசாலையில் பிள்ளைகளுக்கு 20 நிமிடக் கணக்கைச் சொல்லிக்கொடுப்பது எங்கள் பொறுப்பு. தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் இந்த மூன்று கோரிக்கைகளையும் அடுத்த பேச்சுவார்த்தையில் நிர்வாகத்தின் முன் வையுங்கள்.