ராட்டினத்தில் அடிவயிறு 'ஜிவ்'வென்று இழுப்பது ஏன்? சமாளிப்பது எப்படி?

"கொலம்பஸ்ல ஏறுவோமா?"

பொருட்காட்சிக்குப் போகும் எந்தக் கூட்டத்திலும் இந்தக் கேள்வி வந்ததும் ஒருவர் மெல்லப் பின்வாங்குவார். "நீங்க போயிட்டு வாங்க, நான் பையைப் பார்த்துக்கிறேன்" என்பார். அவருக்கு உயரம் பயமில்லை. சுற்றினால் தலை சுற்றுவதும் இல்லை. "மேலேருந்து கீழ வரும்போது வயித்துல ஒண்ணு பண்ணுது பாருங்க, அதைத்தான் தாங்க முடியல" என்பதுதான் அவரது பிரச்னை.

கோடை விடுமுறையில் பூங்காக்களிலும் பொருட்காட்சிகளிலும் கூட்டம் அலைமோதுகிறது. சென்னையை அடுத்த திருப்போரூர் பகுதியில் சுமார் 600 கோடி ரூபாய் முதலீட்டில் வொண்டர்லா பூங்கா கடந்த 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட பிறகு, கால்கள் அந்தரத்தில் தொங்கப் பாயும் ரோலர் கோஸ்டர் வரை இங்கேயே வந்துவிட்டது. கூடவே, "வயித்தைக் கலக்குதே, இது உடம்புக்குக் கெடுதலா? இதை நிறுத்த வழி இருக்கா?" என்ற கேள்வியும் வருகிறது.

அந்த உணர்வு ஏன் வருகிறது, எதைச் செய்தால் குறையும், எப்போது ஏறவே கூடாது? விரிவாகப் பார்ப்போம்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்துகொள்வோம். "குடல் வாய்க்கு வந்துடுச்சு" என்று சொல்கிறோம். ஆனால் குடல் எங்கேயும் போய்விடுவதில்லை.

நம் எடையை நாம் எப்படி உணர்கிறோம்? பூமி நம்மைக் கீழே இழுக்கிறது. தரையோ நாற்காலியோ நம்மை மேல் நோக்கித் தாங்குகிறது. நாம் 'எடை' என்று உணர்வது அந்தத் தாங்கலைத்தான். உடலுக்குள்ளும் இதே கதைதான். இரைப்பை, குடல், கல்லீரல் எல்லாம் சவ்வுகளாலும் தசைகளாலும் தாங்கப்பட்டு, எப்போதும் லேசாகக் கீழ் நோக்கித் தொங்கிக்கொண்டிருக்கின்றன. பிறந்ததிலிருந்து பழகிவிட்டதால் அந்த இழுப்பை நாம் கவனிப்பதே இல்லை.

ராட்டினம் சட்டென்று கீழே பாயும்போது இருக்கையும் நீங்களும் உங்கள் குடலும் ஒரே வேகத்தில் விழுகிறீர்கள். ஒன்றை ஒன்று தாங்க வேண்டிய தேவை அந்த நொடியில் இல்லாமல் போகிறது. தொங்கிக்கொண்டிருந்த உறுப்புகளின் இழுப்பு தளர்கிறது, அவை இருந்த இடத்திலிருந்து லேசாக மேலே நகர்கின்றன. வழக்கமான இழுப்பு திடீரென்று காணாமல் போவதை மூளை கவனிக்கிறது. அதுதான் அந்த 'ஜிவ்'.

உள்காதுக்கும் இதில் பங்கு உண்டு. அங்கே நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் ஒரு மென்மையான படலத்தின் மேல் அமர்ந்திருக்கின்றன. எது மேல், எது கீழ் என்று மூளைக்குச் சொல்வது அவைதான். விழும்போது அவையும் எடை இழக்கின்றன. "விழுறோம்!" என்ற தகவல் பறக்கிறது. உடனே அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. இதுவும் வயிற்றில் ஒரு கலக்கமாகத்தான் தெரியும்.

வேகமாகப் போகும் கார் மேம்பாலத்தின் உச்சியைத் தாண்டி இறங்கும்போதும், பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து ஸ்பீட் பிரேக்கரைக் கடக்கும்போதும் வருவது இதேதான். விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் மாதக்கணக்கில் இதே நிலையில்தான் வாழ்கிறார்கள். பூமியிலிருந்து சுமார் 400 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு விசை இல்லாமல் போவதில்லை. நிலையமும் அவர்களும் சேர்ந்து பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால்தான் மிதக்கிறார்கள்.

எத்தனை நேரம் நீடிக்கும்?

பயப்படுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது. தடையில்லாமல் விழும் ஒரு பொருள் முதல் நொடியில் சுமார் 5 மீட்டர் விழும். 2 நொடி ஆனால் சுமார் 20 மீட்டர். அப்போது வேகம் மணிக்கு 70 கி.மீ. 3 நொடி என்றால் சுமார் 44 மீட்டர். அது பதினான்கு, பதினைந்து மாடிக் கட்டடத்தின் உயரம்.

அதாவது, பெரும்பாலான ராட்டினங்களில் அந்த உணர்வு ஒரு தடவைக்கு 2 அல்லது 3 நொடிக்கு மேல் நீடிக்க வழியே இல்லை. கொலம்பஸ் கப்பல் போன்றவற்றில் திரும்பத் திரும்ப வரும், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே ஓரிரு நொடிதான்.

வரிசையில் நிற்கும்போது போனில் நேரம் பார்த்து இதை நீங்களே அளந்து பார்க்கலாம். கீழே பாயத் தொடங்குவதிலிருந்து வேகம் தணியும் வரை எண்ணுங்கள். 'எப்போ முடியுமோ' என்ற பயத்துக்கும் 'மூணு எண்ணினா முடிஞ்சிடும்' என்ற தெளிவுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

சரி, சமாளிப்பது எப்படி?

முழுவதுமாக நிறுத்த முடியாது, அது இயற்பியல். ஆனால் கணிசமாகக் குறைக்கலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: கொலம்பஸில் இரண்டு ஓரங்களும்தான் அதிக உயரத்துக்குப் போகும். நடு வரிசையில் உட்கார்ந்தால் அனுபவம் பாதியாகக் குறையும். ரோலர் கோஸ்டரில் பலர் முன் சீட்டுக்குத்தான் பயப்படுவார்கள். ஆனால் வயிற்றை அதிகம் தூக்குவது பெரும்பாலும் கடைசி வரிசை. முன் பெட்டிகள் பாய்ந்து இறங்கும்போது கடைசிப் பெட்டி உச்சியைக் கடந்து வெடுக்கென்று இழுக்கப்படுவதே காரணம். புதியவர்களுக்கு நடுப்பகுதிதான் நல்லது.

வயிற்றையும் தொடையையும் இறுக்குங்கள்: இறங்கத் தொடங்கும் கணத்துக்குச் சற்று முன்னால் வயிற்றுத் தசைகளையும் தொடைகளையும் இறுக்கி, முதுகையும் தலையையும் இருக்கையோடு அழுத்தி, கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். உறுப்புகள் எடை இழப்பதை இது தடுக்காது. ஆனால் 'பிடிமானம் இருக்கு' என்ற தகவல் மூளைக்குப் போய்க்கொண்டே இருப்பதால் பலருக்கு அந்த வெறுமை குறைவாகத் தெரிகிறது.

மூச்சை அடக்காதீர்கள்: பயத்தில் பலரும் செய்யும் தவறு இது. இறங்கும்போது மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள். முடியவில்லையா? கத்துங்கள்! கத்துவதும் மூச்சை வெளியே விடுவதுதான். ராட்டினத்தில் கத்துவதற்கு யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

கண்ணை மூடாதீர்கள்: மூடினால் பயம் குறையும் என்று தோன்றும். உண்மையில், எப்போது விழப்போகிறோம் என்று தெரியாமல் ஒவ்வொரு இறக்கமும் திடீர் அதிர்ச்சியாக வரும். முன்னால் தூரத்தில் ஒரு புள்ளியைப் பாருங்கள். இறக்கம் வருவது கண்ணுக்குத் தெரிந்தால் உடலும் தயாராகும்.

சாப்பாட்டில் கவனம்: பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு நேராக ராட்டினத்துக்குப் போவது வேண்டாம். அதற்காக வெறும் வயிற்றோடும் போக வேண்டாம். அதுவும் குமட்டலைக் கூட்டும். எண்ணெய் குறைந்த லேசான உணவு சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி விடுங்கள். வெயில் காலத்தில் தண்ணீர் முக்கியம்.

படிப்படியாக ஏறுங்கள்: முதல் நாளே பெரிய கோபுரத்தில் ஏற வேண்டியதில்லை. சின்ன இறக்கம் உள்ளதில் தொடங்கி அதையே இரண்டு, மூன்று முறை செய்யுங்கள். முதல் முறை தூக்கிவாரிப்போட்டது மூன்றாவது முறை பழகியதாகத் தெரியும்.

மனதுக்கு வேறு பெயர் சொல்லுங்கள்: ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பாடவோ பேசவோ வேண்டிய பதற்றத்தில் இருந்தவர்களில், 'அமைதியாக இரு' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். பயத்திலும் உற்சாகத்திலும் உடலுக்குள் நடப்பது ஏறத்தாழ ஒன்றுதான். அந்த ஆய்வு ராட்டினம் பற்றியது அல்ல என்றாலும், வரிசையில் நிற்கும்போது முயன்று பார்க்கலாம். செலவில்லாத வைத்தியம்.

தலைசுற்றல், வாந்தி வேறு

இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கப் அண்ட் சாசர், பிரேக் டான்ஸ் போல வட்டமாகச் சுற்றுபவற்றில் வரும் குமட்டலுக்குக் காரணம், கண் சொல்வதும் காது சொல்வதும் பொருந்தாமல் போவது. பஸ் பயணத்தில் வாந்தி வருபவர்களுக்கு இது அதிகம். அவர்களுக்கு நேராக விழும் ராட்டினத்தில் பிரச்னை இல்லாமலும் இருக்கலாம். பயணத்துக்கு முன் போடும் வாந்தி மாத்திரைகள் இந்தக் குமட்டலுக்குத்தான்; வயிறு 'ஜிவ்'வெனும் உணர்வை அவை நிறுத்தாது. தூக்கமும் வரும் என்பதால் மருத்துவரிடம் கேட்காமல் போட வேண்டாம்.

யார் ஏறவே கூடாது?

ஆரோக்கியமான ஒருவருக்கு அந்த உணர்வால் கெடுதல் இல்லை. ஆனால் இதயத்துக்கு அது சின்ன வேலை அல்ல. ஜெர்மனியில் ஆரோக்கியமான 55 பேரை ரோலர் கோஸ்டரில் ஏற்றி மருத்துவர்கள் சோதித்தபோது, 90ஐ ஒட்டி இருந்த சராசரி இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 150ஐத் தாண்டியது. அவர்கள் ஓடவில்லை, ஆடவில்லை, உட்கார்ந்துதான் இருந்தார்கள்.

எனவே இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், வலிப்பு நோய், கழுத்து அல்லது முதுகுத்தண்டுப் பிரச்னை உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் இவற்றைத் தவிர்க்க வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், இறங்கிய பிறகும் குறையாத படபடப்பு, கடுமையான தலைவலி போன்றவை வந்தால் "பயத்துல வந்தது, சரியாயிடும்" என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வயிறு காட்டும் பயம் வேறு, ஆபத்து வேறு

இந்த விஷயத்தில் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். வயிறு கலங்குவது ஆபத்தின் அறிகுறி அல்ல. நன்றாகப் பராமரிக்கப்படும் ராட்டினத்திலும் கலங்கும். அதேபோல், வயிறு கலங்காததால் ராட்டினம் பாதுகாப்பானது என்றும் அர்த்தமில்லை.

2019 ஜூலையில் அகமதாபாத்தின் காங்கரியா ஏரிப் பகுதியில் ஊசல் போல ஆடும் ராட்டினம் உடைந்து விழுந்து உயிரிழப்புகள் ஏற்பட்டன. 2022 செப்டம்பரில் மொகாலி கண்காட்சியில் கோபுர ராட்டினம் சுமார் 50 அடி உயரத்திலிருந்து அப்படியே தரையில் மோதியதில் பலர் காயமடைந்தனர். 2025 மே மாதம் சென்னை ஈசிஆரில் ஒரு பூங்காவில் ராட்டினம் பழுதாகி அந்தரத்தில் நின்றதில், 30க்கும் மேற்பட்டோர் மணிக்கணக்கில் தவித்து, தீயணைப்புத் துறையின் ராட்சத ஏணி வாகனம் மூலம் மீட்கப்பட்டனர். இவை எதையும் ஏறியவர்களின் வயிறு முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாது.

அதனால் ஏறுவதற்கு முன் கவனம் வயிற்றில் இல்லாமல் இவற்றில் இருக்கட்டும்:

• மடிக்கம்பி அல்லது தோள்கம்பி பூட்டியதும் நீங்களே ஒருமுறை தள்ளிப் பாருங்கள். அசைந்தால், பூட்டு 'க்ளிக்' ஆகாவிட்டால், கை தூக்கி ஊழியரை அழையுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

• கம்பி ஒருவரின் இடுப்பில் பொருந்துகிறதா என்பதற்குத்தான் உயரக் கட்டுப்பாடு. "ரெண்டு இன்ச்தானே" என்று தடித்த செருப்பு போட்டுக் குழந்தையை ஏற்றாதீர்கள். பெரியவர் மடியில் படிந்த கம்பிக்கும் பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கும் நடுவே இடைவெளி இருக்கும்.

• துருப்பிடித்த இணைப்புகள், கயிற்றால் கட்டிய கதவு, பூட்டைச் சரிபார்க்காமலே சுவிட்சைப் போடும் ஊழியர் போன்றவற்றைப் பார்த்தால் டிக்கெட் காசு போனாலும் பரவாயில்லை, இறங்கிவிடுங்கள்.

• ஓடும்போது பயம் தாங்காமல் எழுந்திருக்கவோ, கம்பியைத் தூக்கவோ, இடுப்பைத் தளர்த்தி வெளியே வரவோ முயலாதீர்கள். நடுவில் நின்றுவிட்டாலும் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பதுதான் பாதுகாப்பு. செல்ஃபிக்காகக் கையை விடுவதும் வேண்டாம்.

"வேண்டாம்" என்பவரை விட்டுவிடுங்கள்

"இதுக்குப் போய் பயப்படுறியே" என்று இழுத்துக்கொண்டுபோய் ஏற்றுவது நம் ஊரில் சகஜம். குழந்தைகளிடம் இது இன்னும் அதிகம். ஆனால் பயம் பழகுவது, எப்போது ஏறுவது, எப்போது நிறுத்துவது என்பது தன் கையில் இருக்கும்போதுதான். கட்டாயப்படுத்தி ஏற்றினால் அந்த ஒரு அனுபவமே வருடக்கணக்கில் மனதில் நின்றுவிடக்கூடும்.

ஏற விரும்புபவர் நடு வரிசையில் உட்கார்ந்து, பூட்டைத் தள்ளிப் பார்த்துவிட்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று எண்ணட்டும். வேண்டாம் என்பவர் கீழே நின்று பையைப் பார்த்துக்கொள்ளட்டும். யாராவது ஒருவர் பையைப் பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும்!