பெயர் போன ஊர்கள்

பயணக் கையேடுகளின் இலக்கணம் எளியது. பார்க்க, உண்ண, வாங்க என்று மூன்று தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் ஐந்தாறு பெயர்கள். மதுரைக்கும் தஞ்சைக்கும் காஞ்சிக்கும் இப்படி எழுதித் தீர்த்துவிட்டார்கள். போளூருக்கு யாரும் எழுதக் காணோம். வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிறவர்களுக்குப் போளூர் வழியில் பேருந்து நின்று புறப்படும் ஓர் ஊர், அவ்வளவே. பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிற அத்தனை கூட்டத்தில் இங்கே இறங்கி ஒரு நாள் தங்குகிறவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

போளூரையும் ஆரணியையும் அவற்றைச் சூழ்ந்த மலைகளையும் ஒரே நிலமாகக் கொண்டு, அந்த மூன்று தலைப்புகளையும் நிரப்பிப் பார்க்க முனைந்தோம். பொருளுக்கு இங்கே பஞ்சமில்லை. பெயருக்குத்தான் பஞ்சம் என்பது விரைவிலேயே புலப்பட்டது. 'பெயர் போன ஊர்' என்ற தொடருக்கு இரண்டு பொருள் உண்டல்லவா? இவ்வட்டாரம் இரண்டாவது பொருளில் பெயர் போனது. இதன் சிறந்த பொருள்கள் வேறு ஊர்களின் பெயரில் உலவுகின்றன.

இத்தனைக்கும் தமிழில் மிகப் பழைய பயணக் கையேடுகளுள் ஒன்று இந்நிலத்துக்கு எழுதப்பட்டதுதான். பத்துப்பாட்டில் இறுதியாக நிற்கும் மலைபடுகடாம், 583 அடிகளில், நன்னன் சேய் நன்னனைக் காணப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிறது. பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். நன்னனின் செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிர மலையைப் போளூருக்குத் தென்மேற்கே நிற்கும் பர்வதமலை என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். சேயாறு இன்றைய செய்யாறு.

அந்தப் புலவர் நம் காலத்துச் சுற்றுலாத் துறையைவிட நேர்மையானவர். காட்சியை மட்டும் சொல்லி ஆசை காட்டுவதில்லை. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் இருக்கும், விடிந்த பின் போங்கள் என்கிறார். தினைக்காவலர் யானையை ஓட்ட வீசும் கவண்கல் மேலே விழக்கூடும், மரத்தில் மறைந்து போங்கள் என்கிறார். வழி பிரியும் இடத்தில் பின்னால் வருகிறவர் தடுமாறாதபடி புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள் என்கிறார். வீரர்களின் நடுகற்களைக் கண்டால் யாழ் மீட்டி வணங்கிச் செல்லுங்கள் என்றும் சொல்கிறார். இது கவியின் கற்பனை அன்று. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' தொகுப்பைப் புரட்டினால், அந்நிலம் எத்தனை நடுகற்களைச் சுமந்து நின்றது என்பது விளங்கும்.

முதல் தலைப்பு, பார்க்க. போளூருக்கும் ஆரணிக்கும் இடையே வடமாதிமங்கலத்தை ஒட்டித் திருமலை என்று ஒரு சிறு குன்று உண்டு. வரலாறு படித்தவர்கள் 'திருமலைக் கல்வெட்டு' என்ற பெயரைக் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பார்கள். முதலாம் இராசேந்திரன் கங்கை வரை கொண்ட வெற்றிகளை அடுக்கும் மெய்க்கீர்த்தியை ஆய்வாளர்கள் முதன்மையாகப் படித்தது இக்குன்றின் பாறையில்தான். ஆனால் திருமலை என்றதும் நம் மனம் திருப்பதிக்கு ஓடிவிடுகிறது. பாடநூலில் பெயரைப் படித்துவிட்டு, அது எந்த ஊர் என்று கேளாமலே தேர்வெழுதித் தேறியவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

அக்கல்வெட்டின் அழகு மெய்க்கீர்த்தியில் இல்லை என்பது எங்கள் கருத்து. அரசனின் 13-ஆம் ஆட்சியாண்டு. ஒட்டர தேசமும் வங்காள தேசமும் கங்கையும் அடுக்கடுக்காக வந்து முடிந்தபின், கல் எதற்காக வெட்டப்பட்டது என்ற செய்தி வருகிறது. மல்லியூர் வணிகன் நன்னப்பையனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்துக்கு ஒரு நந்தா விளக்குக்கும் திருவமுதுக்குமாகக் கொஞ்சம் காசு கொடுத்திருக்கிறாள். அந்த விளக்குக்காகத்தான் அத்தனை நாடுகளும் கல்லில் ஏறின. பேரரசனின் அத்தை பெயரில் ஒரு சமணக் கோயில், அதில் ஒரு வணிகன் மனைவியின் விளக்கு. சோழர் காலத்துச் சமய வாழ்வைப் பற்றி மேடைகளில் பேசுகிறவர்கள் ஒருமுறை இங்கே வந்து நின்றுவிட்டுப் பேசலாம்.

குன்றின் மேல் பாறையில் செதுக்கிய நேமிநாதர் நிற்கிறார். ஊரார் சிகாமணிநாதர் என்கிறார்கள். தமிழகத்துச் சமணச் சிற்பங்களில் இவரே மிக உயரமானவர் என்று சொல்லப்படுகிறது. குகைத்தளங்களில் மங்கிய ஓவியங்கள் உள்ளன. சேரர் குடியில் வந்த எழினி செய்துவைத்த இயக்கன், இயக்கி உருவங்களை அவன் வழியில் வந்த அதிகமான் ஒருவன் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டும் இங்கே உண்டு. சங்கப் பாட்டில் கேட்ட குடிப்பெயர்கள் 12, 13-ஆம் நூற்றாண்டுக் கல்லில் மீண்டும் எதிர்ப்படுவது இலக்கிய வாசகர்களுக்கு ஒரு தனிக் கிளர்ச்சி.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். படவேடு சம்புவராயர்களின் தலைநகராக இருந்தது. 14-ஆம் நூற்றாண்டில் விசயநகரத்துக் குமார கம்பணன் வந்து அவர்களை வென்றான். பின் அவ்வூர் மெல்ல மண்ணடைந்தது. இன்று ரேணுகாம்பாள் பெயரால்தான் அறியப்படுகிறது. ஆடி வெள்ளிகளில் கால் வைக்க இடமிராது. யோக நிலையில் அமர்ந்த இராமரைப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு மாதத்தில் போவது நலம். தேவிகாபுரத்தில் மலைமேல் கனககிரீசுவரரும் கீழே பெரியநாயகியும். விசயநகரக் காலத் தூண் சிற்பங்களுக்காகவே ஒரு முழுப் பகலை ஒதுக்கலாம். ஆரணிக் கோட்டைப் பக்கம் போகிறவர்கள், 1751 டிசம்பர் 3-இல் கிளைவ் இவ்வூரருகே போரிட்டு வென்றதை நினைத்துக்கொள்ளலாம்; நினைக்காவிட்டாலும் குற்றமில்லை. போளூரிலேயே சம்பத்கிரி மலைமேல் நரசிம்மரும் ஊருக்குள் விட்டோபா சுவாமிகளின் சமாதியும் உண்டு.

இரண்டாவது தலைப்பு, உண்ண. வட ஆற்காடு என்றதும் ஆம்பூர் பிரியாணியும் ஆற்காட்டு மக்கன் பேடாவும் எழுதிவிட்டுக் கையேட்டுக்காரர்கள் எழுந்துவிடுகிறார்கள். மலைபடுகடாம் எழுந்துவிடவில்லை. மூங்கில் அரிசிச் சோறும், அவரை விதையைப் புளியிட்டுக் காய்ச்சிய கூழும், மலைத்தேனில் விளைந்த தேறலும், ஆயர் தரும் பாலும், ஆற்றோர ஊர்களில் மீனுமாக, எந்த நிலத்தில் என்ன கிடைக்கும் என்று நிரல்படச் சொல்கிறது. வியப்பு என்னவென்றால் அந்தப் பட்டியலின் எச்சம் இன்னும் இங்கே இருக்கிறது. ஜவ்வாது மலையிலிருந்து சாமையும் தேனும் புளியும் பலாவும் சீத்தாப்பழமும் போளூருக்கு இறங்கி வருகின்றன. சமவெளி வீடுகளில் கேழ்வரகுக் களியும், ஆடியில் கூழும் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும். இவை எந்த உணவு விடுதியின் விலைப்பட்டியலிலும் இராது. தெரிந்தவர் வீடு ஒன்று இருந்தால் பேறு. இல்லாவிட்டால் தெருவோரக் கூழ்க்கடை.

ஒன்றை மட்டும் யாரும் எங்கும் வாங்கித் தின்னலாம்: அவித்த மல்லாட்டை. சென்னைக்காரர்கள் வேர்க்கடலை என்பது இங்கே மல்லாட்டை. மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. கடல் தாண்டி வந்த ஒரு விதை தான் புறப்பட்ட துறைமுகத்தின் பெயரை இந்தக் காய்ந்த மண்ணில் இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. நெல்லும் அப்படித்தான்; ஆரணி அரிசி, களம்பூர் அரிசி என்று மூட்டையில் ஊர்ப்பெயரோடுதான் சென்னைக் கடைகளுக்குப் போகிறது. கடலைக்கும் அரிசிக்கும் வாய்த்த இந்தப் பேறு பட்டுக்கு வாய்க்கவில்லை.

ஆக, மூன்றாவது தலைப்பு. வாங்க வேண்டியது பட்டு. அதில் இரண்டு கருத்தில்லை. ஆரணியிலும், சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுப்பட்ட ஊர்களிலும் வீட்டுக்குள்ளேயே தறி. குழியில் கால் மிதி, தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, திண்ணையில் நூல் இழைக்கும் பெண்கள். ஆரணிச் சேலை பொதுவாக எடை குறைந்தது; சரிகை அளவாக இருக்கும்; விலையும் அதற்கேற்ப. காஞ்சிக் கோர்வைச் சேலையின் கனத்தைத் தாங்க முடியாதவர்கள் இதை நாளெல்லாம் உடுத்தியிருக்கலாம். இது குறையன்று, இதன் குணம்.

ஆனால் இங்கே நெய்யப்படும் சேலைகளில் பெரும்பங்கு இங்கே விற்பதில்லை. வெளியூர்க் கடைகளுக்கு முதலாளிகள் வழியாகப் போகிறது. போன இடத்தில் காஞ்சிப் பட்டு ஆகிவிடுகிறது. இது வணிக உலகில் எல்லோரும் அறிந்த, யாரும் உரக்கச் சொல்லாத செய்தி. எங்கள் நண்பர் ஒருவர் தம் மகள் திருமணத்துக்கு வெளியூரில் ஒரு பெரிய கடையில் சேலை எடுத்தார். 'சொந்தத் தறி, காஞ்சியிலேயே நெய்தது' என்றார்கள். மணவீட்டில் அதைக் கையில் வாங்கிப் பார்த்த சேவூர்ப் பாட்டி, முந்தானையைப் புரட்டிவிட்டு, 'இது எங்க தெருவுல அறுத்த சேலைதான் கண்ணு' என்று சிரித்தார். சேலையில் குறை ஏதுமில்லை. பெயர்தான் பொய்.

பொருள் நல்லதாக இருக்கும்போது பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. காஞ்சிக் கடைகள் இல்லையேல் ஆரணித் தறிகளுக்குப் பாவு ஏது என்றும் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வியில் நியாயம் இருக்கிறது. நெசவாளிக்கு நூலும் சரிகையும் கொடுத்து, சேலை எடுத்து, கூலி தருகிற ஏற்பாடு ஒரே நாளில் மாறக்கூடியதன்று. ஆனால் பெயர் போகும்போது விலையும் கூடவே போய்விடுகிறது. ஒரு சேலைக்குக் காஞ்சிப் பெயரால் கிடைக்கும் கூடுதல் தொகை, பெயர் சூட்டுகிற இடத்தில் தங்கிவிடுகிறது. பாவு அறுத்த வீட்டுக்கு வருவது பழைய கூலிதான். அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் தறிக்குழியில் இறங்காமல் சென்னைப் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. ஊரின் பெயர் அவ்வூரில் செய்கிறவர்களுக்கே உரியது என்பதற்காகத்தான் 1999-இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றினார்கள். காஞ்சிப் பட்டுக்கு அக்குறியீடு உண்டு. ஆரணிப் பட்டுக்கும் உண்டு. டார்ஜிலிங் தேயிலைக்காரர்கள் தங்கள் பெயரைப் பிறர் திருடாமல் காக்க இதே சட்டத்தைப் பற்றிக்கொண்டார்கள். ஆரணியின் நிலைமை தலைகீழ்: இங்கே தன் பெயரைத் தன் பொருளின் மேலேயே எழுத ஆளில்லை. கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கி மைய அரசு 1985-இல் செய்த சட்டமும் இருக்கிறது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. முதலில் 22 வகைகள், பிறகு 11 ஆகச் சுருங்கின. சேலை இன்னும் பட்டியலில் நிற்கிறது. விசைத்தறியின் சத்தமும் தெருவில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

எனவே வாங்குகிறவர்களிடம் சொல்வதைத் தவிர வழி தெரியவில்லை. பட்டா என்று பார்க்க ஓர் இழையைக் கொளுத்தினால் போதும்: முடி கருகிய வாடையும், தொட்டால் பொடியும் சாம்பலும் வந்தால் பட்டு, உருகி மணியாகத் திரண்டால் செயற்கை இழை. சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். இவற்றையெல்லாம் இப்போது எல்லோரும் கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். யாரும் கேட்காத கேள்வி, 'எந்த ஊரில் நெய்தது?' என்பது. சென்னையிலோ காஞ்சியிலோ கடையில் அமர்ந்து இதைக் கேட்டுப் பாருங்கள். ஆரணி என்று பதில் வந்தால், ரசீதில் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். விலையில் பத்து ரூபாய் குறைக்கக் கால் மணி நேரம் பேசுகிற நமக்கு இது பெரிய காரியமன்று.

நேரில் வந்து வாங்க நினைப்பவர்கள் ஆரணியில் கூட்டுறவுச் சங்கக் கடையில் தொடங்கலாம். அங்கே சேலையோடு ஊரும் கூடவே கிடைக்கும். தெருவில் பாவு நீட்டிக் கட்டி வண்ணம் வண்ணமாக இழை பிரிப்பதைப் பார்க்க ஆசையிருந்தால் முதல் நாள் இரவே போளூரிலோ ஆரணியிலோ தங்கிவிட வேண்டும். அது வெயில் ஏறுமுன் விடியற்காலையில் நடக்கும் வேலை. மழை பெய்தால் அதுவும் கிடையாது.